எம்எல்எச்1: எழுத்து மாறாமலே அணைந்துபோன ஒரு மரபணு

2004-இல் சிட்னியிலிருந்து ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. கேத்தரின் சூட்டர், டேவிட் மார்ட்டின், ராபின் வார்ட் என்று மூன்றே பேர் எழுதியது. அதில் வரும் நோயாளிகளும் இரண்டே பேர்தான். இருவருக்கும் ஒருமுறை வந்து போன புற்றுநோய் இல்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பரவாமல், தனித்தனியாக, பல கட்டிகள் வந்திருந்தன. அந்தக் கட்டிகளைச் சோதித்தால் எல்லாவற்றிலும் ஒரே கோளாறு. டிஎன்ஏ நகலெடுக்கும்போது விழும் பிழைகளைத் திருத்துகிற ஏற்பாடு செத்துக் கிடந்தது. இப்படி இருந்தால் லிஞ்ச் சிண்ட்ரோம் என்றுதான் எந்த மருத்துவரும் நினைப்பார், அதாவது பெற்றோரிடமிருந்து வந்த ஒரு மியூட்டேஷன் எங்கோ இருக்கிறது என்று. திருத்தும் மரபணுக்களை எடுத்துத் தேடினார்கள். எதிலும் ஒரு மியூட்டேஷன்கூட இல்லை.

எழுத்து எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் மரபணு வேலை செய்யவில்லை. இந்த முடிச்சு எப்படி அவிழ்ந்தது, அவிழ்ந்தபோது என்னென்ன வெளியே வந்தது என்பதைத்தான் முழுசாக எழுதப் போகிறேன். ஏனென்றால் புற்றுநோய் பற்றிப் பேசும்போது "மியூட்டேஷனா, எபிஜெனெடிக்ஸா, எது காரணம்?" என்று கேட்பவர்கள் நிறைய, "எபிஜெனெடிக் மாற்றம் திரும்பக்கூடியது, ஆகவே சாப்பாட்டை மாற்றினால் புற்றுநோயையே திருப்பிவிடலாம்" என்று வீடியோ போடுகிறவர்கள் அதைவிட அதிகம். இரண்டாவது வகைப் பேச்சை நம்பி ஒருவர் சிகிச்சையைத் தள்ளிப்போட்டுவிடக் கூடாதே என்ற கவலை எனக்கு உண்மையாகவே உண்டு. அந்தத் திருத்தும் மரபணுக்களில் ஒன்றான எம்எல்எச்1-இன் கதையைக் கவனமாகப் பார்த்தாலே, இவை இரண்டும் ஒன்றை ஒன்று எப்படி உண்டாக்குகின்றன என்பது தெரிந்துவிடும்.

முதலில் அடிப்படை. பாடப்புத்தகத்தில் சடுதிமாற்றம் என்று படித்தோமே, அதுதான் மியூட்டேஷன். ஏ, டி, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளில் எழுதப்பட்ட டிஎன்ஏவில் ஒரு எழுத்து மாறிப்போவது, விழுந்துபோவது, கூடுதலாக ஒன்று நுழைவது. எபிஜெனெடிக் மாற்றத்தில் எழுத்து மாறாது, அதன் மேல் அடையாளம் ஏறும். டிஎன்ஏவைச் சுற்றி வைத்திருக்கும் ஹிஸ்டோன் புரதங்களிலும் இப்படி அடையாளங்கள் உண்டு, இங்கே நமக்கு வேண்டியது மெத்திலேஷன் மட்டும். சி எழுத்துக்குப் பக்கத்தில் ஜி இருந்தால், அந்த சி-யின் மேல் மெத்தில் என்ற சின்ன வேதித்தொகுதி ஒட்டிக்கொள்ளும். நம் எழுத்தில் க மேல் புள்ளி வைத்தால் க் ஆகிறது அல்லவா, எழுத்து அதேதான், ஆனால் உயிர்ச்சத்தம் அடங்கிவிடுகிறது. மெத்திலேஷனை நான் இப்படித்தான் மனதில் வைத்திருக்கிறேன். மரபணு தொடங்கும் இடத்துக்கு முன்னால் புரொமோட்டர் என்று ஒரு பகுதி இருக்கிறது, மரபணுவை வேலைக்குக் கிளப்பிவிடும் இடம். அங்கே வரிசையாக இருக்கும் சி-க்களில் எல்லாம் புள்ளி விழுந்துவிட்டால் மரபணு வாயே திறக்காது. செல் பிரியும்போது அந்தப் புள்ளிகளும் நகலாகிப் புதுச் செல்லுக்குப் போகும். அதனால்தான் ஒருமுறை அணைந்த மரபணு அந்தச் செல்லின் வாரிசுகளிலும் அணைந்தே இருக்கிறது.

சரி, எம்எல்எச்1 என்ன செய்கிறது? ஒரு செல் இரண்டாகும்போது ஏறத்தாழ 600 கோடி எழுத்துகளை நகலெடுக்க வேண்டும். நகலெடுக்கும் நொதி மிகக் கெட்டிக்காரன், எழுதியதை அங்கேயே சரிபார்த்துக்கொண்டே போகும், அப்படியும் சில பிழைகள் நழுவிவிடும். முக்கியமாக, ஒரே எழுத்து திரும்பத் திரும்ப வரும் இடங்களில், ஏ ஏ ஏ ஏ ஏ என்று பத்து இருபது வந்தால், ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ எழுதிவிடும். இந்தப் பிழைகளைப் பிடிக்கப் பின்னாலேயே ஒரு குழு வருகிறது. எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 என்ற ஜோடி பொருந்தாத இடத்தைக் கண்டுபிடிக்கும். எம்எல்எச்1, பிஎம்எஸ்2 என்ற ஜோடி வந்து புது இழையை வெட்டித் திருத்தத்தை ஆரம்பிக்கும். இந்தக் குழு இருந்தால் பிழைகள் நூறிலிருந்து ஆயிரம் மடங்குவரை குறைகின்றன. எம்எல்எச்1 போய்விட்டால் பிஎம்எஸ்2 தனியாக நிற்காது, அதுவும் சிதைந்துவிடும். அதனால் எம்எல்எச்1 போனால் இரண்டும் போச்சு.

இந்தக் குழுவில் ஒருவர் பிறவியிலேயே பழுதானால் வருவதுதான் லிஞ்ச் சிண்ட்ரோம். இதன் வரலாறு நீண்டது. 1895-இல் அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்து நோயியல் வல்லுநர் ஆல்ட்ரெட் வார்தினிடம் அவருடைய தையல்காரப் பெண் ஒருவர், தன் குடும்பத்தில் எல்லாரும் புற்றுநோயில்தான் சாகிறார்கள், நானும் அப்படித்தான் போவேன் என்று சொன்னாராம். அவர் சொன்னபடியே கருப்பைப் புற்றுநோயில் இறந்தார். அந்தக் குடும்பத்தைப் பற்றி வார்தின் 1913-இல் எழுதினார். ஹென்றி லிஞ்ச் 1966-இல் இன்னும் இரண்டு குடும்பங்களோடு வந்தபோதும், இது பரம்பரைதான் என்பதைப் பலர் ஏற்கவில்லை. 1993-இல் எம்எஸ்எச்2, 1994-இல் எம்எல்எச்1 என்று மரபணுக்கள் கையில் கிடைத்த பிறகுதான் வாதம் ஓய்ந்தது. அந்தத் தையல்காரப் பெண்ணின் குடும்பத்திலும் பிற்பாடு எம்எஸ்எச்2-இல் மியூட்டேஷன் கண்டுபிடித்தார்கள்.

இப்போது ஒரு ஸ்லைடை உங்கள் முன்னால் வைக்கிறேன், ஏனென்றால் கேஸ் அங்கேதான் ஆரம்பிக்கிறது. பெருங்குடல் கட்டியிலிருந்து மெல்லிய சீவல், எம்எல்எச்1 புரதத்துக்கு ஐஎச்சி சாயம், அதாவது அந்தப் புரதத்தை மட்டும் தேடிப் பிடித்து நிறம் காட்டும் சாயம், ஏற்றியது. புரதம் இருக்கும் செல்லின் உட்கரு பழுப்பாகத் தெரியும், இல்லாவிட்டால் வெறும் நீலம். எம்எல்எச்1 போன கட்டியில், சுரப்பிகளாக வளைந்து வளைந்து நிற்கும் புற்றுநோய்ச் செல்கள் எல்லாம் நீலமாக இருக்கும், அவற்றுக்கு நடுவே புகுந்து உட்கார்ந்திருக்கும் சின்னச் சின்ன லிம்போசைட்டுகள் (நோய் எதிர்ப்பு வெள்ளை அணுக்கள்) மட்டும் அழகாகப் பழுப்பாக இருக்கும். அந்தப் பழுப்பு இருந்தால்தான் சாயம் வேலை செய்திருக்கிறது, கட்டியில் காணாமல்போனது உண்மை என்று நம்பலாம். பழுப்பே எங்கும் இல்லாவிட்டால் ரிப்போர்ட் எழுதக் கூடாது, மறுபடி போட வேண்டும்.

இந்த நீலம் நமக்குச் சொல்வது எம்எல்எச்1 இல்லை என்பதை மட்டும்தான். ஏன் இல்லை என்பதை அது சொல்லாது.

பெருங்குடல் புற்றுநோய்களில் ஏறக்குறைய 15 சதவீதத்தில் இந்தத் திருத்தும் குழு பழுதாகியிருக்கிறது. அதில் லிஞ்ச் சிண்ட்ரோம் மொத்தத்தில் 3 சதவீதம் அளவுக்குத்தான். மீதிப் பேரில் பெரும்பாலானவர்களுக்குப் பரம்பரையாக எதுவும் இல்லை. 1997-லும் 1998-லும் வந்த ஆய்வுகள் இதற்குப் பதில் சொல்லின: அந்தக் கட்டிகளில் எம்எல்எச்1-இன் புரொமோட்டர் முழுக்க மெத்திலேஷன். இது கட்டிக்குள் மட்டும் நடந்த விஷயம், பிறவியில் வந்ததில்லை. 1998-இல் செய்த ஒரு காரியம் முக்கியமானது. அப்படி எம்எல்எச்1 அணைந்த புற்றுநோய்ச் செல்களை ஆய்வகத்தில் வளர்த்து, மெத்திலேஷனை அகற்றும் மருந்தைக் கொடுத்தார்கள், இன்று டெசிடபைன் என்று சொல்கிறோமே அதே மருந்து. புள்ளிகள் விலகின, எம்எல்எச்1 புரதம் திரும்ப வந்தது, பிழை திருத்தும் வேலையும் மறுபடி நடந்தது. பூட்டிய வீட்டில் ஆள் உயிரோடுதான் இருந்திருக்கிறார்.

இந்த இடத்தில்தான் "திரும்பக்கூடியது" என்ற பேச்சு பாதி உண்மையாகவும் பாதி ஆபத்தாகவும் இருக்கிறது. எம்எல்எச்1 அணைந்திருந்த காலத்தில் அந்தச் செல் எத்தனையோ தடவை பிரிந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் திருத்தப்படாத பிழைகள் சேர்ந்துகொண்டே போயிருக்கும். உதாரணத்துக்கு டிஜிஎஃப்பிஆர்2 என்ற மரபணு, செல்லே வளர்ச்சியை நிறுத்து என்ற செய்தியை வாங்கிக்கொள்ளும் புரதத்துக்கு உரியது. அதற்குள் தொடர்ந்து பத்து ஏ எழுத்துகள் வருகின்றன. திருத்தும் குழு இல்லாதபோது பத்து ஒன்பதாகிவிடும். மூன்று மூன்று எழுத்தாகப் படிக்கிற டிஎன்ஏவில் ஒன்று குறைந்தால் அதற்குப் பிறகு வரும் எல்லாமே உளறலாகிவிடும், புரதம் பாதியிலேயே முடிந்துவிடும், நிறுத்து என்ற குரலைக் கேட்கக் காதே இருக்காது. இப்படிப்பட்ட குடல் கட்டிகளில் பெரும்பாலானவற்றில் இந்த மியூட்டேஷன் இருப்பதை 1995-இலேயே காட்டிவிட்டார்கள். இப்போது மெத்திலேஷனைத் துடைத்துவிட்டால் எம்எல்எச்1 விழித்துக்கொள்ளும், இனி வரும் பிழையைத் திருத்தும். ஏற்கெனவே விழுந்த அந்த ஒரு ஏ திரும்பி வராது, அதற்குள் சேர்ந்துபோன மற்ற ஆயிரக்கணக்கான மியூட்டேஷன்களும் திரும்பாது. திருத்தும் குழுவுக்குப் பழைய எழுத்து என்ன என்று தெரிவது நகலெடுக்கும் அந்தச் சிறிது நேரத்துக்கு மட்டும்தான், மூல இழை பக்கத்தில் இருக்கும்வரை. தப்பு இரண்டு இழைகளிலும் ஏறிவிட்டால் அதுவே மூலமாகிவிடுகிறது. எபிஜெனெடிக் மாற்றம் தற்காலிகமாகவே இருந்திருந்தாலும் அது பெற்ற பிள்ளைகளான மியூட்டேஷன்கள் நிரந்தரம்.

எவ்வளவு மியூட்டேஷன் என்றால், 2015-இல் வந்த ஒரு சிகிச்சை ஆய்வில் திருத்தும் குழு பழுதான கட்டிகளில் சராசரியாக 1782 இருந்தன, நல்லபடியாக இருந்த கட்டிகளில் 73. இதே ஆய்வைக் கடைசியில் மறுபடி ஒரு இடத்தில் தொடவேண்டி வரும், இப்போதைக்கு எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பரம்பரை இல்லாதவர்களிடம் இந்த மெத்திலேஷன் முதலில் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், வயதிலிருந்து பெரிய பங்கு வருகிறது. இந்த வகைக் கட்டி வயதானவர்களிடம், அதிலும் பெண்களிடம், பெருங்குடலின் வலப்பக்கத்தில் அதிகம் வருகிறது. தட்டையாக, ரம்பப் பல் போன்ற ஓரம் கொண்ட பாலிப்பிலிருந்து, அதாவது குடலின் உட்சுவரில் வளரும் சதை முளையிலிருந்து, ஆரம்பிக்கிறது. அந்தப் பாலிப்பில் பிராஃப் என்ற மரபணுவில் வி600இ என்ற மியூட்டேஷன் இருப்பது வழக்கம். ஆக மியூட்டேஷன்தானே முதல் என்று தோன்றும். 2019-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் குழு ஒன்று எலியின் குடல் செல்களைச் சின்னச் சின்ன உருண்டைகளாக ஆய்வகத்தில் மாதக்கணக்கில் வளர்த்துப் பார்த்தது. வளர வளரத் தானாகவே மெத்திலேஷன் ஏறிக்கொண்டே போனது, வயதாகும் குடலில் ஏறுவது மாதிரி. அப்புறம் பிராஃப் மியூட்டேஷனைப் புகுத்தினார்கள். இளம் உருண்டைகள் அதற்கு எளிதில் வசப்படவில்லை, முதிர்ந்தவை சீக்கிரமே புற்றுநோய்ப் பக்கம் சாய்ந்தன. அதாவது மெத்திலேஷன் மண்ணைப் பதப்படுத்தி வைத்திருக்கிறது, விதை விழுந்ததும் முளைத்துவிட்டது. முளைத்த பின்னால் மெத்திலேஷன் இன்னும் கூடுகிறது, கூடிக்கூடி ஒரு கட்டத்தில் எம்எல்எச்1-ஐயும் அணைத்துவிடுகிறது, அதன் பிறகு மியூட்டேஷன்கள் மடை திறந்தது போல வருகின்றன. இந்தச் சங்கிலியில் எதைக் காரணம் என்று தனியாகப் பிடுங்கிக் காட்டுவது?

அணைகிற அந்தக் கட்டத்தை நேரிலேயே பார்க்கலாம். ரம்பப்பல் பாலிப் ஒன்றில் ஒரு ஓரம் மட்டும் கெட்டுப்போக ஆரம்பித்திருக்கும். எம்எல்எச்1 சாயம் போட்டால் பாலிப்பின் பெரும்பகுதி பழுப்பு, கெட்ட பகுதி நீலம், நடுவில் கத்தியால் கீறியது போல ஒரு எல்லை. சில சமயம் ஒரே சுரப்பியில் இந்தப் பக்கம் பழுப்பும் அந்தப் பக்கம் நீலமும் நிற்கும். அந்தக் கோட்டுக்கு இந்தப் புறம் பிழை திருத்தம் இருக்கிறது, அந்தப் புறம் இல்லை. அதைத் தாண்டிய பாலிப் வேகமாகப் புற்றுநோயாகும் என்பதால்தான் கொலனோஸ்கோப்பியில் இந்தத் தட்டைப் பாலிப்பைத் தவறவிடாமல் முழுதாக எடுக்கச் சொல்கிறார்கள். சளி படர்ந்து, குடல் மடிப்போடு மடிப்பாகக் கிடக்கும், தவறவிடுவது சுலபம்.

இனி சிட்னி. அந்த இருவரிடம் கட்டியில் எம்எல்எச்1 இல்லை, மரபணுவில் மியூட்டேஷனும் இல்லை. கட்டியில் மட்டும் மெத்திலேஷன் என்றால் அது வயதானவர்கள் கதை, ஒரே ஆளுக்குப் பல கட்டிகள் வந்ததற்கு அது காரணமாகாது. எனவே கட்டியை விட்டுவிட்டு நல்ல திசுக்களை எடுத்தார்கள். ரத்தம், கன்னத்தின் உட்புறச் செல், தலைமுடியின் வேர். இந்த மூன்றையும் தேர்ந்தெடுத்ததில்தான் புத்திசாலித்தனம் இருக்கிறது, கரு வளரும்போது உண்டாகும் மூன்று அடுக்குகளிலிருந்தும் ஒவ்வொன்று வருகிறது.

மெத்திலேஷனைப் படிக்கும் முறையும் சிட்னியில் பிறந்ததுதான், மரியான் ஃப்ரோமரும் கூட்டாளிகளும் 1992-இல் வெளியிட்டது. டிஎன்ஏவைச் சோடியம் பைசல்ஃபைட்டில் ஊறவைத்தால் சாதா சி எல்லாம் யுராசிலாக மாறி, படிக்கும்போது டி என்று வரும். மெத்தில் ஏறிய சி மட்டும் அசையாமல் சி-யாகவே நிற்கும். ஆக, ஊறவைத்த பின்னால் எங்கே சி மிச்சமிருக்கிறதோ அங்கே புள்ளி இருந்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம், கண்ணுக்கே தெரியாத ஒன்றை எழுத்தாக மாற்றிக் கையில் கொடுத்துவிடுகிறது.

அந்த மூன்று திசுக்களிலும் எம்எல்எச்1-இன் இரண்டு படிகளில் (தாயிடமிருந்து ஒரு நகல், தந்தையிடமிருந்து ஒரு நகல்) ஒன்று மெத்திலேஷனால் அணைந்திருந்தது. எல்லாச் செல்லிலும் இல்லை, கலவையாக. ஆனால் உடம்பு முழுக்க. கருவின் மிக ஆரம்பத்திலேயோ அதற்கும் முன்பேயோ நடந்திருந்தால்தான் இப்படி இருக்க முடியும். ஒரு படி பிறவியிலேயே அணைந்தவருக்கு, குடலில் ஏதோ ஒரு செல்லில் மற்றொரு படி போனால் போதும், கட்டி ஆரம்பித்துவிடும். லிஞ்ச் சிண்ட்ரோமில் மியூட்டேஷன் செய்கிற அதே வேலையை இங்கே எழுத்து மாறாமல் மெத்திலேஷன் செய்துவிட்டது. இதற்கு எபிமியூட்டேஷன் என்று பெயர்.

அப்போது பெரிய சர்ச்சை கிளம்பியது வேறு ஒரு கண்டுபிடிப்பால். அந்த இருவரில் ஒருவரின் விந்தணுக்களிலும் மெத்திலேஷன் தட்டுப்பட்டது. அப்படியானால் பிள்ளைகளுக்கும் போகுமா? மனிதரில் விந்தும் முட்டையும் உருவாகும்போது பழைய மெத்திலேஷன் பெரும்பாலும் துடைக்கப்பட்டுப் புதிதாக எழுதப்படுகிறது. சிலேட்டைக் கழுவுகிற மாதிரி. கழுவியும் போகாத எழுத்து உண்டா என்பதுதான் கேள்வி. 2007-இல் மெகன் ஹிச்சின்ஸ் தலைமையில் சிட்னிக் குழு அடுத்த துண்டைக் கொண்டுவந்தது. இரண்டு குடும்பங்கள். ஒன்றில் தாயிடமிருந்து மகனுக்கு எபிமியூட்டேஷன் போயிருந்தது, ஆனால் அந்த மகனின் விந்தணுக்களில் அது அழிந்திருந்தது. இரண்டு குடும்பங்களிலும் சேர்த்து, தாயின் அதே படியை வாங்கிய இன்னும் மூன்று பிள்ளைகளிடம் அது பழையபடி நல்லபடியாக வேலை செய்துகொண்டிருந்தது. மெண்டல் விதிப்படி வரும் நோய் இப்படி நடந்துகொள்ளாது. அந்தப் பிள்ளைகளுக்கு அதே எழுத்துகள் வந்தன, புள்ளிகள் வரவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் "பரம்பரையாக வரும் எபிஜெனெடிக்ஸ்" என்று ஒரு தலைப்போடு போயிருக்கும். 2011-இல் மேற்கு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஒரு குடும்பம் அதைப் புரட்டிப்போட்டது. அங்கே எபிமியூட்டேஷன் மெண்டல் விதிப்படியே, தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருந்தது. விந்தணுவில் பார்த்தால் மெத்திலேஷன் இல்லை, சுத்தமாகத் துடைத்திருந்தது. ஆனால் அடுத்த தலைமுறையின் உடம்பில் மறுபடியும் இருந்தது. துடைத்த பலகையில் ஒவ்வொரு தலைமுறையிலும் அதே இடத்தில் அதே புள்ளிகளை யார் வைக்கிறார்கள்? தேடியபோது எம்எல்எச்1-இன் தொடக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு எழுத்து மாறியிருந்தது, சி இருக்க வேண்டிய இடத்தில் ஏ. புரதத்தை மாற்றாத எழுத்து, சாதாரணமாகப் பார்த்தால் பொருட்படுத்தாமல் தாண்டிவிடக்கூடியது. அந்த மாற்றத்தால் புரொமோட்டரின் வேகம் குறைகிறது, வேகம் குறைந்த புரொமோட்டரில் மெத்திலேஷன் வந்து படிகிறது. விந்து வழியாகப் போனது அந்த எழுத்துதான், புள்ளிகள் ஒவ்வொரு பிறவியிலும் அதன் பின்னால் வந்தன.

இதே பாடம் இன்னொரு மரபணுவில் இன்னும் தெளிவாக இருக்கிறது. 2006-இல் ஹாங்காங்கிலிருந்து ஒரு குடும்பம் பற்றி எழுதியிருந்தார்கள், எம்எஸ்எச்2 மெத்திலேஷனால் அணைந்து மூன்று தலைமுறை வந்திருக்கிறது என்று. விசித்திரம் என்னவென்றால் அவர்களின் ரத்தத்தில் மெத்திலேஷன் கொஞ்சம்தான், குடலின் உட்சுவரில் நிறைய. 2009-இல் நெதர்லாந்துக் குழு விளக்கம் கண்டுபிடித்தது. எம்எஸ்எச்2-க்குச் சற்று முன்னால் எப்கேம் என்ற மரபணு இருக்கிறது. இந்தக் குடும்பங்களில் எப்கேமின் வால் பகுதி வெட்டுப்பட்டுக் காணாமல் போயிருந்தது, இங்கே நிறுத்து என்று சொல்லும் குறியும் அதோடு போய்விட்டது. எப்கேமைப் படித்துக்கொண்டு வரும் நொதி நிறுத்தத்தில் நிற்காமல் அடுத்த ஊருக்குள் ஓடிவிடும் பஸ் மாதிரி எம்எஸ்எச்2-இன் புரொமோட்டருக்குள் ஓடுகிறது, அந்த ஓட்டமே அதை மெத்திலேஷன் ஏறி அணையும்படி செய்துவிடுகிறது. எப்கேம் வேலை செய்வது குடல் சுவர் போன்ற திசுக்களில், ரத்த அணுக்களில் அவ்வளவாக இல்லை. அதனால்தான் ரத்தத்தில் குறைவாகவும் குடலில் நிறையவும் இருந்தது. பக்கத்து மரபணுவின் மியூட்டேஷன் இந்த மரபணுவின் எபிஜெனெடிக் மாற்றமாகி, அது கடைசியில் குடல் செல்லில் ஆயிரம் மியூட்டேஷன்களாகிறது.

மூளைக் கட்டியான கிளையோமாவிலும் மியூட்டேஷனே மெத்திலேஷனை உண்டாக்குகிறது. 2008-இல் கண்டுபிடித்த ஐடிஎச்1 மியூட்டேஷன், செல்லுக்குள் 2-ஹைட்ராக்சிகுளூட்டரேட் என்ற பொருளைக் குவிக்கிறது, அது மெத்திலை அகற்றும் டெட் நொதிகளைத் தடுத்துவிடுகிறது, அதனால் டிஎன்ஏ முழுக்க மெத்திலேஷன் ஏறிவிடுகிறது. 2012-இல் இந்த ஒரு மியூட்டேஷனை மட்டும் செல்லில் புகுத்தியே அந்த மெத்திலேஷன் முழுவதையும் உண்டாக்கிக் காட்டினார்கள்.

இன்னொரு உறவு இருக்கிறது, எல்லாவற்றிலும் நேரடியானது, ஆனால் அதிகம் பேசப்படுவதில்லை. மெத்தில் ஏறிய எழுத்தே மியூட்டேஷனாக மாறிவிடும். சைட்டோசின் உடல் வெப்பத்தில், தண்ணீரில், தானாகவே ஒரு அமினோ தொகுதியை இழக்கும். சாதா சி அப்படி இழந்தால் யுராசில் ஆகிறது. யுராசில் டிஎன்ஏவில் இருக்கவே கூடாத எழுத்து, அதனால் பழுது பார்ப்பவர் உடனே கண்டுபிடித்து எடுத்துவிடுவார். மெத்தில் ஏறிய சி அதே மாதிரி இழந்தால் அது தைமின் ஆகிவிடுகிறது. தைமின் டிஎன்ஏவில் இருக்க வேண்டிய எழுத்துதான். எதிரே ஜி நிற்பதால் பொருத்தம் இல்லை என்று தெரியும், எது தப்பு என்று தீர்மானிப்பது கடினமாகிவிடுகிறது. நகலெடுக்கும் முன் சரிசெய்யாவிட்டால் சி நிரந்தரமாக டி. புள்ளி வைத்த எழுத்து தேய்ந்து வேறு எழுத்தாகிவிட்டது.

டிபி53 என்ற மரபணுவை எடுத்துப் பாருங்கள், புற்றுநோய்களில் மிக அதிகமாகக் கெட்டுப்போகும் மரபணு அது. அதில் 175, 248, 273 என்ற இடங்களில்தான் மியூட்டேஷன்கள் குவிகின்றன. மூன்றும் மெத்தில் ஏறும் சி-ஜி ஜோடிகள். இந்த வகை மாற்றம் வயதோடு சீராக, கடிகாரம் போல எல்லாத் திசுவிலும் சேர்ந்துகொண்டே போகிறது, புகை பிடிக்காதவரிடமும் வெயிலில் போகாதவரிடமும். நம் பரிணாமத்திலும் இதன் தடம் இருக்கிறது. மனித டிஎன்ஏவில் சி-ஜி ஜோடிகள் இருக்க வேண்டிய எண்ணிக்கையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் மிச்சம். மீதி காலப்போக்கில் மாறிப்போய்விட்டன. "நான் எதுவும் தப்பாகச் செய்யவில்லையே, எனக்கு ஏன் வந்தது?" என்று கேட்கும் நோயாளிக்கு இதைத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றும். பல நேரம் அவர் எதையும் செய்ததால் வந்ததில்லை அது.

முன்பே சொன்ன 1782-க்கு வருவோம். மியூட்டேஷன் அவ்வளவு இருந்தால் கட்டிக்குள் உருவாகும் உளறல் புரதங்களும் அவ்வளவு, நம் நோய் எதிர்ப்பு அணுக்களுக்கு அவை அந்நியமாகத் தெரியும். ஸ்லைடில் கட்டிக்குள் புகுந்து உட்கார்ந்திருந்த அந்தப் பழுப்பு லிம்போசைட்டுகள் அதனால்தான் வந்தவை. கட்டி அவற்றுக்குப் பிரேக் போட்டு வைத்திருக்கும். அந்தப் பிரேக்கை எடுக்கும் மருந்தான பெம்ப்ரோலிசுமாப், 2015 ஆய்வில் இந்த வகைக் கட்டிகளில் நன்றாக வேலை செய்தது. 2017 மே மாதம் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, புற்றுநோய் எந்த உறுப்பில் வந்தது என்று பார்க்காமல், திருத்தும் குழு பழுதாகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்து இதைக் கொடுக்க அனுமதித்தது. அப்படி ஒரு அனுமதி அதுதான் முதல் முறை. 2022-இல் நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மருத்துவமனையில், மலக்குடலில் இந்த வகைப் புற்றுநோய் வந்தவர்களுக்கு அதே மாதிரி மருந்தான டோஸ்டார்லிமாப் கொடுத்ததில், சிகிச்சையை முடித்திருந்த 12 பேருக்கும் கட்டி கண்ணுக்கே தெரியாமல் மறைந்தது, அறுவையும் கதிர்வீச்சும் இல்லாமல். எம்எல்எச்1 மியூட்டேஷனால் போனாலும் மெத்திலேஷனால் போனாலும் இந்த மருந்துக்குத் தகுதி உண்டு. அதனால்தான் குடல் புற்றுநோய் ரிப்போர்ட்டில் இந்தச் சோதனை இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள் என்று தெரிந்தவர்களிடம் எல்லாம் சொல்கிறேன்.

மருந்துக்கு அந்த வித்தியாசம் முக்கியமில்லை. குடும்பத்துக்கு அதுதான் எல்லாம். எம்எல்எச்1 இல்லை என்று வந்தவுடன் கட்டியில் பிராஃப் வி600இ பார்ப்பார்கள், அல்லது புரொமோட்டர் மெத்திலேஷன் பார்ப்பார்கள். கருப்பைப் புற்றுநோயில் பிராஃப் உதவாது, மெத்திலேஷன்தான் பார்க்க வேண்டும். மெத்திலேஷன் இருந்தால் "பரம்பரை இல்லை" என்று எழுதி ஃபைலை மூடிவிடுவது வழக்கம். 75 வயதில் வந்தவருக்கு அது அநேகமாகச் சரியாகவே இருக்கும். 40 வயதில் வந்தவருக்கோ, இரண்டாவது கட்டி வந்தவருக்கோ அப்படி மூடக் கூடாது. கட்டியில் தெரியும் மெத்திலேஷன் உடம்பு முழுக்கவும் இருக்கலாம், சிட்னியில் இருந்தவர்களைப் போல. ஒரு டியூப் ரத்தம் எடுத்து அதில் எம்எல்எச்1 மெத்திலேஷன் பார்த்தால் தெரிந்துவிடும். தெரிந்தால் அவருக்கு இனி வாழ்நாள் முழுக்க, லிஞ்ச் சிண்ட்ரோம் உள்ளவரைப் போலவே, சீரான இடைவெளியில் கொலனோஸ்கோப்பி வேண்டும்.

பிள்ளைகளுக்கு என்ன சொல்வது என்பது, அந்த மெத்திலேஷனுக்கு அடியில் எழுத்து மாற்றம் இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. மேற்கு ஆஸ்திரேலியக் குடும்பத்தைப் போல இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி. இல்லாவிட்டால் போகும் வாய்ப்பு மிகக் குறைவு, ஆனாலும் அந்தத் தாயிடமிருந்து மகனுக்குப் போயிருக்கிறது. எனவே பிள்ளைகள் வளர்ந்த பிறகு ஒவ்வொருவராக ரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஒருவரின் ரிசல்ட்டை வைத்து அடுத்தவருக்குச் சொல்லிவிடக் கூடாது.